கருங்கல் சரிவில் விளைந்த சிரா: வட ரோன் சிவப்பு ஒயின்கள் பற்றிய மதிப்புரை

பிரான்ஸில் ரோன் ஆறு வியென் நகரைக் கடந்து வலான்ஸை நோக்கித் தெற்கே இறங்கும் வழியில், அதன் கரைகளில் எழும் செங்குத்தான கருங்கல் சரிவுகளில் விளையும் சிரா என்னும் கறுப்புத் திராட்சையின் ஒயினை முதன்முதலாக வாங்குபவர்களில் பலர், கொடுத்த பணத்துக்கு ஏற்ற சரக்கு இல்லையே என்ற எண்ணத்துடன் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதே திராட்சையை ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் விளைந்த ஷிராஸாகக் குடித்துப் பழகியவர்களுக்கு இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம். அவர்கள் தேடும் இனித்த பழச்செறிவும், வாயை நிறைக்கும் கனமும் இங்கே கிடைப்பதில்லை. கருநீல நிறத்தைப் பார்த்துக் கனத்தை எதிர்பார்க்கும் நாக்குக்கு, நிமிர்ந்து நிற்கும் புளிப்பும், ஈறுகளைப் பற்றும் துவர்ப்பும், பழத்தை முந்திக்கொண்டு வரும் மிளகு மணமுமே வந்து சேர்கின்றன. இந்த ஒயின்களை அவற்றின் கட்டுக்கோப்பை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால் சிவப்பு ஒயின்களில் இவற்றுக்கு இணையானவை மிகச் சிலவே.

இங்கே நான் எடுத்துக்கொள்பவை கோர்னாஸ், சேன்-ஜோசஃப், எர்மிட்டாஜ் ஆகிய மூன்று பகுதிகளின் ஒயின்கள். வடக்கே உள்ள கோட்-ரோட்டி புகழில் எதற்கும் குறைந்ததல்ல. ஆனால் அதன் நிலத்தின் பெரும்பகுதி அப்ரகம் (மைக்கா) மின்னும் பலகைப் பாறை (ஷிஸ்ட்) என்பதால் அது வேறு கதை. குரோஸ்-எர்மிட்டாஜில் ஜெர்வான் போன்ற வடபகுதி ஊர்களில் கருங்கல் உண்டு என்றாலும், அந்தப் பெயரில் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு தெற்கே உள்ள கூழாங்கல் சமவெளியில் விளைந்தது என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

சரிவின் தன்மையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான இந்தக் கருங்கல், மத்திய பிரான்ஸின் மேட்டுநிலப் பாறைத்தொகுதியின் கிழக்கு விளிம்பு. வெயிலிலும் மழையிலும் உளுத்துப்போகும்போது அது பருமணலாக உதிர்கிறது. உள்ளூரில் அதைக் கோர் என்கிறார்கள். கையில் அள்ளினால் விரல்களுக்கிடையே ஒழுகிவிடும் அந்த மணலில் சத்தும் குறைவு, ஈரமும் நிற்காது. கீழே உள்ள பாறையின் வெடிப்புகளில் வேரை இறக்கினால்தான் கோடையைக் கொடி தாண்டும். மழை பலமாகப் பெய்தால் மண் சரிவில் இறங்கிவிடுவதால், காரை பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள்தான் படிப்படியாக அமைந்த தோட்டத்தைத் தாங்குகின்றன. ஒரு சுவர் சரிந்தால் அதைத் திரும்ப எடுத்துக் கட்டும் வரை அந்தப் படியில் வேலை நடக்காது. மிஸ்ட்ரால் எனப்படும் வடகாற்று கிளைகளை முறிக்காமலிருக்க ஒவ்வொரு கொடியையும் தனித்தனி ஊன்றுகோலில் கட்டுகிறார்கள். டிராக்டர் ஏற முடியாத இடங்களில் வின்ச் வைத்து இழுக்கும் கலப்பையோ, குதிரையோ, மண்வெட்டியோதான் துணை. முதல் உலகப்போருக்குப் பிறகு ஆள்பலம் இல்லாமல் இந்தப் படிகளில் பல புதராகிப் போயின என்பதில் வியப்பில்லை. திரும்பக் கொடி வைக்க மனிதர்கள் முன்வந்ததுதான் வியப்பு. விலையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும் முன் இந்தச் சுவர்களை நினைத்துக்கொள்வது நியாயம்.

மூன்றில் கருங்கல்லின் குணத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது கோர்னாஸ். 1938இல் சட்டப்படி எல்லை வகுக்கப்பட்ட இந்தச் சிறு பகுதியில் சிவப்பு ஒயின் மட்டுமே உண்டு. அதிலும் சிரா தவிர வேறெதையும் கலக்கக்கூடாது. எர்மிட்டாஜில் 15 சதவீதம் வரையும், சேன்-ஜோசஃபில் 10 சதவீதம் வரையும் மார்சான், ரூசான் என்னும் வெள்ளைத் திராட்சைகளைச் சேர்க்க அனுமதி இருக்கிறது. கோட்-ரோட்டியிலோ வியோனியே என்னும் வெள்ளைத் திராட்சை 20 சதவீதம் வரை போகலாம். கோர்னாஸுக்கு அப்படி மெருகேற்றும் வழி எதுவும் இல்லை. வடகாற்று நேரடியாக வந்து அறையாதபடி குன்றுகள் அரைவட்டமாக மறைத்து நிற்பதால் வெப்பம் தேங்கி, வட ரோனில் அறுவடையை முதலில் தொடங்கும் இடங்களில் ஒன்றாகவும் இது இருக்கிறது. ரெனார் போன்ற சரிவின் பெயரைப் புட்டியில் கண்டால் நடுப்பகுதிக் கருங்கல் என்று துணிந்து வாங்கலாம். வடக்கே போகப் போகச் சுண்ணாம்புக்கல் சரளை கலக்கிறது. அங்கே விளைந்தது சற்று மென்மையாக இருக்கும்.

நல்ல கோர்னாஸ் ஒன்றை ஒரு மாலை முழுவதும் தொடர்ந்து கவனித்தால் அதன் போக்கு விளங்கும். 2010ஆம் ஆண்டுப் புட்டி ஒன்றைத் திறந்தபோது முதலில் எழுந்தது பழமல்ல. எரிந்த தீக்குச்சியையும் ரப்பரையும் ஒத்த ஒரு முரட்டு வாடை. சிரா காற்றுப்படாமல் இறுக்கமாக முதிரும்போது கந்தகச் சேர்மங்கள் சேர்வதால் வருவது அது. கெட்டுப்போனதன் அடையாளம் ஆகாது. வாய் அகன்ற குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டபின் அந்த வாடை விலகி, கறுப்பு ஆலிவ், அதிமதுரம், உலர்ந்த வயலட் பூ என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றின் அடியில் இரும்பையும் பச்சை இறைச்சியையும் நினைவூட்டும் ஒரு மணம் கடைசிவரை நின்றது. கோர்னாஸில் அது இல்லாவிட்டால் எனக்கு ஏதோ குறைந்தது போலவே இருக்கும். வாயில் வைத்த கணத்தில் முதலில் தெரிந்தது புளிப்பு. அடுத்து வந்த துவர்ப்பு நாக்கின் நடுவில் படியாமல் ஓரங்களுக்கு விலகி, மேல் ஈறில் பொடிமணலைத் தேய்த்தது போல் ஒட்டிக்கொண்டது. அந்தத் துவர்ப்பின் அளவு அதிகம், ஆனால் துகள் நுண்மையானது. களிமண் சமவெளியின் சிராவில் துவர்ப்பு தடித்த போர்வை போல விரிவதைப் பார்த்தவர்கள் இந்த வேறுபாட்டை உடனே கண்டுகொள்வார்கள். மறுநாள் மாலை, புட்டியில் மீந்திருந்த பாதியில் துவர்ப்பு தணிந்து பழம் முன்னே வந்திருந்தது. முதல் நாளைவிட அதுவே நன்றாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மிளகு மணத்துக்கு வருகிறேன். இதை வெறும் உவமை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது மிளகில் உள்ள அதே வேதிப்பொருள்தான். ரொட்டண்டோன் என்ற அந்தச் சேர்மத்தை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஷிராஸ் திராட்சையில் அடையாளம் கண்டு 2008இல் வெளியிட்டார்கள். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு அதைப் பிடித்துவிடும். சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவைப் பல மடங்கு கூட்டியும் அந்த மணம் தெரியவில்லை என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. ஒரே கோப்பையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ‘மிளகு தூக்கலாக இருக்கிறது’ என்றும் ‘மிளகா, எங்கே?’ என்றும் வாதிடும்போது இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்தச் சேர்மம் பழத்தின் தோலில் தங்குகிறது. குளிர்ந்த ஆண்டுகளிலும் வெயில் குறைந்த மூலைகளிலும் கூடுகிறது, கடும் வெப்பத்தில் குறைகிறது. ஆகவே மிளகு மணத்தைக் கருங்கல்லின் கணக்கில் எழுதுவது சரியாகாது. அது பெரும்பாலும் தட்பவெப்பத்தின் கொடை. 2013, 2021 போன்ற குளிர்ந்த ஆண்டுகளின் சேன்-ஜோசஃபில் மிளகு கொட்டிக் கிடக்கும். வெப்ப அலை வீசிய 2003இன் புட்டிகளில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் கருங்கல் செய்வது என்ன? பாறையின் தாதுக்கள் வேர்வழியே ஏறி ஒயினில் ‘கல் சுவை’யாக வெளிப்படுகின்றன என்ற பேச்சு விற்பனைக்கு உதவுமே தவிர, அறிவியலில் அதற்குப் பிடிமானம் இல்லை. கொடி எடுத்துக்கொள்ளும் கனிமங்களின் அளவு மிகச் சொற்பம். அவற்றுக்குச் சுவையும் பெரும்பாலும் கிடையாது. பாறை வேலை செய்வது நீரின் வழியாக. பருமணலில் தண்ணீர் தங்காததால் கொடி கோடையின் நடுவில் தழை வளர்ப்பதை நிறுத்திக்கொள்கிறது. காய் சிறுத்து, சாற்றோடு ஒப்பிடத் தோலின் பங்கு கூடுகிறது. நிறமும் துவர்ப்பும் தோலில் இருப்பதால் அவை செறிகின்றன. அதே சமயம் வெடிப்புகளில் இறங்கிய முதிய வேர்களுக்கு ஆழத்து ஈரம் கொஞ்சம் கிடைத்துக்கொண்டே இருப்பதால் கொடி முற்றிலும் வாடி நின்றுவிடுவதில்லை. சரிவு வெயிலை நேராக வாங்குகிறது, குளிர்காற்றைக் கீழே வடியவிடுகிறது. இவை எல்லாம் சேர்ந்ததன் விளைவைத்தான் நாம் கோப்பையில் கருங்கல் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லாண்டில் முல்லினோ நிறுவனம், கருங்கல் நிலத்தின் சிராவையும் பலகைப் பாறை நிலத்தின் சிராவையும் தனித்தனிப் புட்டிகளில், பாறையின் பெயரையே முகப்பில் எழுதி விற்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் குடித்தால் கருங்கல்லினுடையது மணத்தில் பூவாகவும் உடலில் மெலிந்தும், பலகைப் பாறையினுடையது கறுத்து அடர்ந்தும் எனக்குப் பட்டன. ரோனிலோ நிலைமை ஏறக்குறையத் தலைகீழ்: அங்கே பலகைப் பாறையின் கோட்-ரோட்டிதான் பூமணம் வீசும் மெல்லிய ஒயின், கருங்கல்லின் கோர்னாஸ் கறுத்து இறுகியது. ஒரே பாறைக்கு இரண்டு நாட்டில் இரண்டு முகம் என்றால், ‘கருங்கல்லின் சுவை இதுதான்’ என்று புட்டியின் பின்பக்கச் சீட்டில் அச்சிடுபவர்களை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகரே முடிவு செய்யலாம். இரண்டு இடத்திலும் எனக்கு ஒத்துப்போனது துவர்ப்பின் நுண்மையும் புளிப்பின் நேர்மையும் மட்டுமே. அந்த இரண்டை மட்டும்தான் நான் பாறையின் கணக்கில் வைப்பேன்.

சேன்-ஜோசஃபைப் பொறுத்தவரை, புட்டியை எடுக்கும் முன் எந்த ஊர் என்று பார்க்க வேண்டும். 1956இல் இந்தப் பெயருக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தபோது டூர்னோன், மோவ் உள்ளிட்ட ஆறு ஊர்கள் மட்டுமே அதில் இருந்தன. எர்மிட்டாஜ் குன்றுக்கு எதிர்க்கரையில் உள்ள அந்தச் சரிவுகள் கலப்பில்லாத கருங்கல். 1969இல் எல்லையை விரித்து மொத்தம் 26 ஊர்களாக்கினார்கள்; ஆற்றோரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு நீண்டுவிட்ட அந்தப் பட்டையில் சரிவும் உண்டு, சரிவுக்கு மேலே காற்று வாங்கும் தட்டை நிலமும் உண்டு. தரம் ஊருக்கு ஊர் மாறுவதன் காரணம் இதுவே. மேட்டுத் தட்டையில் விளைந்த சிரா பல ஆண்டுகளில் முழுதாகப் பழுக்காமல், பச்சைக் காம்பின் கசப்புடன் ஒல்லியாக நிற்கும். மோவ், டூர்னோன் சரிவுகளிலிருந்து வருவதோ கோர்னாஸின் இறுக்கம் இல்லாமல், அதே நுண்மையான துவர்ப்பை ஐந்தாறு ஆண்டிலேயே அனுபவிக்கத் தரும். எர்மிட்டாஜ் ஒரு புட்டிக்குக் கொடுக்கும் தொகையில் இதில் மூன்றோ நான்கோ வாங்கலாம் என்பதால், கருங்கல் சிராவை அறிய விரும்பும் எவரையும் நான் முதலில் அனுப்புவது இங்கேதான்.

எர்மிட்டாஜ் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். டெய்ன் நகருக்கு மேலே தெற்குநோக்கி நிற்கும் இந்த ஒற்றைக் குன்றின் பரப்பு சுமார் 140 ஹெக்டேர்தான். ரோன் ஆறு மேட்டுநிலத்தின் விளிம்பை அறுத்துக்கொண்டு போனதில் ஒரு கருங்கல் துண்டு மட்டும் கிழக்குக் கரையில் மாட்டிக்கொண்டது. குன்றின் மேற்குப் பகுதியான பெஸார் சரிவு அதில்தான் இருக்கிறது. கிழக்கே போகப் போக மெயால் சரிவில் பழைய ஆற்றுக் கூழாங்கல், கீழே கிரெஃபியூவில் களி. 1481 முதல் திராட்சை பயிரிட்டுவரும் ஷாவ் குடும்பத்தார் இந்தச் சரிவுகளை எல்லாம் கலந்து ஒரே ஒயினாக்குகிறார்கள். ஷாப்பூத்தியே நிறுவனம் பெஸார் பழத்தை லெ பவியோன் என்ற பெயரிலும் மெயாலைத் தனியாகவும் புட்டியில் அடைக்கிறது. பெஸார் முதுகெலும்பையும் மெயால் சதையையும் தருகின்றன என்று அங்கே வழக்கமாகச் சொல்வதைக் கோப்பையும் உறுதிப்படுத்துகிறது. தனிக் கருங்கல்லை விரும்பும் எனக்குக்கூட, எர்மிட்டாஜில் கலவையே முழுமையாகத் தோன்றுகிறது; பெஸார் மட்டும் என்றால் இருபது ஆண்டு காத்திருக்கும் பொறுமை வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் போர்தோ வணிகர்கள் தங்கள் மெலிந்த ஒயினுக்கு வலுவூட்ட எர்மிட்டாஜை வாங்கிக் கலந்தார்கள் என்பது நன்கு பதிவான செய்தி. இன்றைய விலையில் அப்படி ஒரு எண்ணமே யாருக்கும் வராது.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. முதலாவது, தொழுவ வாடை. பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் பழைய பீப்பாய்களில் குடியேறினால் குதிரை வியர்வையையும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியையும் நினைவூட்டும் நாற்றம் ஏறும். நீண்டகாலம் இதையே நிலத்தின் குணம் என்று சொல்லி விற்றார்கள். சிலர் இன்னும் அப்படியே நம்புகிறார்கள். கோர்னாஸ் ஒன்றில் (விளைவித்தவரின் பெயர் வேண்டாம்) இது பழத்தை முழுவதுமாக விழுங்கியிருந்தது. குடுவையில் வைத்துப் பார்த்தும் குறையவில்லை. முன்னே சொன்ன தீக்குச்சி வாடை காற்றுப்பட்டால் விலகும், இது விலகாது. இரண்டையும் பிரித்தறிய அதுவே எளிய சோதனை. இரண்டாவது, புது ஓக் பீப்பாய். 1980களுக்குப் பிறகு கோர்னாஸின் முரட்டுத்தனத்தைத் தணிக்கச் சிறு பீப்பாய்களைப் புதிதாக வாங்கிப் பயன்படுத்துவது பரவியது. வனிலா மணம் ஏறிய அந்தப் புட்டிகளில் நிலம் எது என்று கண்டுபிடிப்பது கடினம். இப்போது பலர் 600 லிட்டர் பீப்பாய்களுக்கும், இன்னும் பெரிய பழைய மரத்தொட்டிகளுக்கும் திரும்பிவருவது நல்ல மாற்றம். மூன்றாவது, குலையைக் காம்போடு நொதிக்கவைப்பது. பழுத்த காம்பு ஒயினுக்கு மணத்தையும் காற்றோட்டத்தையும் கொடுக்கும். பழுக்காத காம்பு கசப்பை மட்டுமே கொடுக்கும். சூடான ஆண்டுகளில் இது எனக்குப் பிடிக்கிறது, குளிர்ந்த ஆண்டுகளில் அரிதாகவே.

ஆண்டைத் தேர்ந்தெடுப்பதில், செறிவும் புளிப்பும் சமமாக அமைந்த 2010 கிடைத்தால் விலை பேசாமல் எடுத்துக்கொள்ளலாம். 2015 வலிமையானது, நீண்ட காலம் நிற்கும். 2014 மெலிந்தது என்று ஒதுக்கப்பட்டாலும் நல்ல கைகளிலிருந்து வந்த புட்டிகள் இப்போது இனிமையாகத் திறந்திருக்கின்றன. ஏப்ரல் மாதப் பனி தாக்கிய 2021இல் விளைச்சல் குறைவு. ஆனால் ஆல்கஹால் அடங்கி, பழைய பாணியில் மிளகும் வயலட்டுமாக வந்த அந்த ஒயின்கள், சுற்றியுள்ள சூடான ஆண்டுகளைவிட எனக்கு நெருக்கமானவை.

பரிமாறும்போது 16 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் போனால் ஆல்கஹால் முன்னே வந்து புளிப்பு மழுங்கிவிடும். இளம் கோர்னாஸைக் குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடலாம்; பதினைந்து ஆண்டு தாண்டிய புட்டியை வண்டல் கலங்காமல் ஊற்றி உடனே குடிப்பதே பாதுகாப்பானது. கொழுப்புள்ள ஆட்டிறைச்சி இந்தத் துவர்ப்புக்கு நல்ல துணை. ஆர்தேஷ் பகுதியின் பிக்கோடோன் என்னும் சிறு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி முதிர்ந்து உலர்ந்த நிலையில் அதைவிட நன்றாகப் பொருந்தும். இனிப்புச் சேர்ந்த எந்தப் பதார்த்தத்துடனும் வைக்க வேண்டாம்; ஒயின் புளித்துக் கசந்துவிடும்.

ஒரே ஒரு புட்டிக்குத்தான் பணம் இருக்கிறது, இந்த வாரமே குடித்துவிட வேண்டும் என்பவர்களுக்கு மோவ் அல்லது டூர்னோன் சரிவிலிருந்து வந்த, ஆறேழு ஆண்டு முதிர்ந்த சேன்-ஜோசஃப். குளிர்ந்த இருட்டறையும் பத்தாண்டுப் பொறுமையும் உள்ளவர்கள் கோர்னாஸில் மூன்று புட்டிகளாக வாங்கி, ஒன்றை ஐந்தாம் ஆண்டிலும் ஒன்றைப் பத்தாம் ஆண்டிலும் திறந்து பார்த்து, மூன்றாவதை எப்போது எடுப்பது என்பதை அப்போது தீர்மானித்துக்கொள்ளலாம்.